ஊரைச் சொல்லும் தையல்
பலஸ்தீனக் கிராமப் பெண்களின் தத்ரீஸ் கலை

இஸ்லாமியப் பேரரசுகள் ஓங்கி நின்ற காலத்தில் ஓர் ஆட்சியாளர் தம் உரிமையை மூன்று வழிகளில் பறைசாற்றுவது மரபாக இருந்தது. ஜும்ஆ குத்பாவில் அவர் பெயர் ஓதப்படும். நாணயத்தில் அவர் பெயர் பொறிக்கப்படும். உயர்ந்த ஆடைகளின் கரையில் அவர் பெயர் நூலால் எழுதப்படும். மூன்றாவதாகச் சொன்ன இவ்வேலைப்பாட்டுக்குத் 'திராஸ்' என்று பெயர். உமையாக்களும் அப்பாஸியரும் பாத்திமியரும் இதற்கெனவே அரசுத் தொழிற்கூடங்களை நடத்தினர். கி.பி. 1377-இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், அரசச் சின்னங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் திராஸுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். சிஸிலித் தீவை ஆண்ட கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜர் கூட, ஹிஜ்ரி 528-இல் பலெர்மோ நகரில் தமக்கென ஒரு மேலங்கியைச் செய்வித்தபோது, அதன் விளிம்பில் கூஃபி எழுத்தில் அரபு வாசகத்தையே தைக்கச் செய்தார். அந்த அங்கி இன்றும் வியன்னா நகரில் காட்சிக்கு இருக்கிறது.

திராஸ் பற்றி அறிஞர்கள் ஏராளமாக எழுதியிருக்கின்றனர். அரசரின் பெயரும் ஆண்டும் ஊரும் அதிலேயே இருப்பதால் வரலாற்றாசிரியருக்கு அது கல்வெட்டைப் போன்றது. ஆனால் அதே சொல்லிலிருந்து பிறந்த 'தத்ரீஸ்' என்னும் இன்னொரு சொல் உண்டு. துணியில் ஊசியால் பூவேலை செய்வதை அரபியர் பொதுவாக அப்படித்தான் அழைப்பர். பலஸ்தீனத்தில் அச்சொல் கிராமத்துப் பெண்களின் கைவேலைக்கே உரியதாகிவிட்டது. இதில் அரசர் பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது, தைத்தவள் பெயரும் கிடையாது. ஆயினும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் கல்வெட்டே. அதைப் பற்றியே இக்கட்டுரை.

பெண்கள் பள்ளித் தையல் வகுப்பில் நம் சகோதரிகள் பலர் 'கிராஸ் ஸ்டிச்' என்ற குறுக்குத் தையலைக் கற்றிருப்பார்கள். துணியின் குறுக்கிழையையும் நெடுக்கிழையையும் எண்ணி, ஒரு சிறு சதுரத்தின் மூலைக்கு மூலை சாய்வாக ஓர் இழை, அதன்மேல் எதிர்ச்சாய்வாக இன்னோர் இழை. பெருக்கல் குறி போன்ற இந்தச் சிறு முடிச்சுதான் பலஸ்தீனத் தத்ரீஸின் அடிப்படை எழுத்து. அங்கே இதற்கு 'ஃபல்லாஹீ', அதாவது 'உழவர் தையல்' என்று பெயர். தேர்ந்த கையாளாயின் ஒரு வரிசை முழுவதும் முதற்சாய்வை இட்டுக்கொண்டே சென்று, திரும்பி வரும்போது இரண்டாம் சாய்வால் மூடிவிடுவாள். மேலிழைகள் யாவும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றேனும் மாறினால் ஒளி படும்போது அவ்விடம் மட்டும் நிறம் வேறாகத் தோன்றிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இத்தையலைப் பலஸ்தீனருக்கு மட்டுமே உரியது என்று கூறுவது பொருந்தாது. உக்ரேனிலும் ருமேனியாவிலும் கிரேக்கத் தீவுகளிலும் சீனாய்ப் பாலையிலும் இது உண்டு. இழையை எண்ணக்கூடிய துணி எங்கெல்லாம் நெய்யப்பட்டதோ அங்கெல்லாம் இது தோன்றியிருக்கக்கூடும். பலஸ்தீனத்தின் தனித்தன்மை தையலில் இல்லை. அத்தையலைக் கொண்டு அவர்கள் அமைத்த இலக்கணத்தில்தான் இருக்கிறது. எந்த உருவம் ஆடையின் எந்தப் பகுதியில் வரலாம், எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை அமரலாம், மணமாகாதவள் எவ்வளவு அணியலாம், கைம்பெண் எதைக் களைய வேண்டும் என்பனவெல்லாம் எழுதப்படாத விதிகளாக ஊருக்கு ஊர் வழங்கிவந்தன.

'தவ்பு' எனப்படும் அந்த நெடிய அங்கியை முதலில் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தளர்வாகத் தொங்குவது. நீண்ட கைகள் உடையது. துணி கைத்தறிப் பருத்தி அல்லது சணல்நார்த் துணி. நிறம் இயற்கை வெண்மை, அல்லது அவுரியில் தோய்த்த கருநீலம், அல்லது கறுப்பு. மார்பின்மேல் சதுரமாக ஒரு பூவேலைப் பகுதி இருக்கும். இதற்குக் 'கப்பா' என்று பெயர். ஆடையிலேயே பெருமைக்குரிய இடம் இது. இரு பக்கங்களிலும் இடையிலிருந்து கீழே இறங்கும் பட்டைகள் 'பனாயிக்'. முதுகுப்புறத்தின் கீழ்விளிம்பில் இன்னொரு பகுதி 'ஷின்யார்'. கப்பாவைத் தனித்துணியில் தைத்து ஆடையில் பொருத்துவதே பெரும்பான்மை வழக்கம். ஆடை நைந்துபோனால் கப்பாவைப் பிரித்தெடுத்துப் புதிய ஆடையில் வைத்துத் தைத்துவிடுவார்கள். இப்படி ஒரு கப்பா இரண்டு, மூன்று ஆடைகளின் ஆயுளைக் கண்டிருக்கும். தாயின் கப்பா மகளின் மார்பில் ஏறுவதும் உண்டு.

நகரத்துச் சீமாட்டிகள் இதை அணிந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. எருசலேமிலும் நாப்லுஸிலும் வாழ்ந்த மேட்டுக்குடியினர் உதுமானிய நாகரிகத்தையும் பின்னர் ஐரோப்பிய நாகரிகத்தையும் பின்பற்றினர். தத்ரீஸ் உழவர் மகளிருடையது. பாலையில் திரிந்த பதவியருடையது. மத வேறுபாடும் இதில் பெரிதாகத் தலைகாட்டவில்லை என்பது கருதத்தக்கது. ரமல்லாவும் பைத்லஹமும் அந்நாளில் கிறிஸ்தவர் நிறைந்த ஊர்களாக இருந்தன. சுற்றிலுமுள்ள கிராமங்கள் முஸ்லிம்களுடையவை. ஒரு வட்டாரத்துப் பெண்கள், பள்ளிவாசலுக்குரிய குடும்பமாயினும் தேவாலயத்துக்குரிய குடும்பமாயினும், அந்த வட்டாரத்து ஆடையையே அணிந்தனர். ஆடை முதலில் ஊரைச் சொன்னது.

சிறுமி ஆறேழு வயதிலேயே தாயின் அருகிலோ பாட்டியின் அருகிலோ அமர்ந்து ஊசி பிடிக்கத் தொடங்குவாள். தாளும் கிடையாது, வரைபடமும் கிடையாது. ஒருத்தியின் ஆடையைப் பார்த்து, இழைகளை எண்ணி, தன் துணியில் இறக்கிக்கொள்வாள். குறுக்குத் தையலின் பெரிய வசதியே இதுதான். அது முழுவதும் எண்ணிக்கை. எண்ணத் தெரிந்தவள் எதையும் படியெடுக்கலாம். திருமணத்துக்குள் தனக்கு வேண்டிய ஆடைகள் பலவற்றையும் தலையணை உறைகளையும் அவளே தைத்து முடிக்க வேண்டும். ஒரு நல்ல ஆடை முடிய மாதங்கள் பல ஆகும். வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் இடையில் தைப்பதால் ஆண்டுக் கணக்கில் இழுப்பதும் உண்டு. மணநாளில் அவை ஊர்ப்பெண்களின் பார்வைக்கு வைக்கப்படும். அப்பெண்கள் கண்ணால் பார்த்ததோடு நில்லாமல் துணியைப் புரட்டிப் பின்புறத்தையும் பார்ப்பார்கள்.

இனி வட்டாரங்களைப் பார்ப்போம். ரமல்லாப் பகுதியில் வெண்ணிறத் துணியிலும் கருநிறத் துணியிலும் திராட்சைச் சாற்றின் சிவப்பை ஒத்த பட்டிழை ஓடியது. உயர்ந்த பனை போன்ற உருவங்கள் அங்கே புகழ்பெற்றவை. இப்ராஹீம் நபியின் பெயரால் அல்கலீல் என வழங்கும் ஹெப்ரான் மலைப்பகுதியில் ஆடை முழுவதும் நெருக்கமாக நிரப்பும் வழக்கம். தெற்கே பிஃருஸ் ஸபஃப் பாலையில் பதவிப் பெண்களிடம் நிறமே ஒரு மொழியாக இருந்தது: மணமாகாதவள் நீலத்தில் தைத்தாள், மணமானவள் சிவப்பில் தைத்தாள். கணவனை இழந்தவள் மீண்டும் நீலத்துக்குத் திரும்பினாள். மறுமணத்தை நாடினால் அந்நீலத்தினூடே சிவப்பு மீண்டும் எட்டிப் பார்க்கும்.

பைத்லஹம் மட்டும் வேறு வழியில் சென்றது. அங்கே எண்ணித் தைக்கும் முறை இல்லை. தடித்த பட்டுச் சரட்டையும் பொன், வெள்ளிச் சரிகையையும் துணியின்மேல் வளைத்து வளைத்துக் கிடத்தி, மெல்லிய நூலால் ஆங்காங்கே கட்டிப் பிடிப்பர். 'தஹ்ரீரீ' என்பது இதன் பெயர். உதுமானிய அதிகாரிகளின் சரிகைச் சட்டைகளும் தேவாலய உடைகளும் இதற்கு முன்மாதிரியாயிருக்கலாம் என்பர். பைத்லஹம் வேலைக்கு நாடெங்கும் அத்தனை மதிப்பு! பிற ஊர் மணப்பெண்களும் பணம் கொடுத்து அங்கிருந்து கப்பா தைத்து வாங்கினர். ஆகவே, தத்ரீஸ் முழுவதும் தன் வீட்டுக்காக மட்டுமே செய்யப்பட்ட அன்பு வேலை என்று கூறுவாரின் கூற்று பாதி உண்மையே. பைத்லஹமிலும் அதை அடுத்த பைத் ஜாலாவிலும் அது முன்பே தொழிலாகியிருந்தது. பெண்கள் அதில் சம்பாதித்தனர்.

வடக்கே அல்ஜலீல் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் அழகிய பூவேலை மேலங்கிகள் சில எஞ்சியுள்ளன. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது அங்கே இக்கலை தேய்ந்துபோயிருந்தது. பலஸ்தீன உடைகளை ஆழ்ந்து ஆய்ந்தவரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவருமான ஷீலா வெயர் அம்மையார் இதற்குக் கூறும் காரணம் எண்ணத்தக்கது. வடபகுதிப் பெண்களுக்கு வயல்வேலை அதிகம். ஊசிக்கு நேரம் இல்லை. பூவேலை மிகுந்திருப்பது வேலையற்றிருப்பதன் அடையாளம் என்னும் கருத்தில் அப்பக்கம் ஒரு பழமொழியே வழங்கியதாம்! கலையைப் போற்றும் அவசரத்தில் அதற்குத் தேவையான ஓய்வு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை நாம் கேட்கத் தவறிவிடுகிறோம்.

உருவங்களின் பெயர்கள் கேட்கச் சுவையானவை. சைப்ரஸ் மரம், கோதுமைக் கதிர், பைத்லஹம் நிலா, பாஷாவின் கூடாரம் என்பன பலரும் அறிந்தவை. முக்கோண வடிவிலுள்ள ஒன்றுக்கு 'ஹிஜாப்' என்று பெயர். நம் வழக்கிலுள்ள முக்காடு அன்று, கண்ணேறு படாதிருக்க அணியும் தாயத்தையே அது குறிக்கும். 'கிழவனின் பல்' என்றும் 'வாணலியில் நான்கு முட்டை' என்றும் 'மணமாகாதவனின் தலையணை' என்றும் குறும்பாகப் பெயரிட்டவையும் உள்ளன. பாஷாக்கள் போய் ஆங்கிலேயர் வந்தபின் அவர்களின் தோள்பட்டை நட்சத்திரங்களும் ஓர் உருவத்தின் பெயராகிவிட்டன. ஒரே உருவத்துக்கு இவ்வூரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் வேறொரு பெயர். ஆகையால், இவ்வுருவங்கள் ஒவ்வொன்றும் மூவாயிரம் ஆண்டுகளாகக் கனானியர் காலத்திலிருந்து பொருள் மாறாமல் வருகின்றன என்று இந்நாளில் சிலர் எழுதுவதை நான் ஏற்பதற்கில்லை. துணி மக்கிப் போவது. இன்று எஞ்சியுள்ள ஆடைகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுக்கும் அதன் பின்னருக்கும் உரியவை. எட்டுமுனை நட்சத்திரமும் முக்கோணமும் மிகப் பழமையான வடிவங்கள் என்பது வேறு; அவற்றை ஒரு கிராமத்துப் பெண் தன் ஆடையில் வைத்தபோது என்ன நினைத்தாள் என்பது வேறு. இக்கலையின் உரிமையை நிலைநாட்ட அத்தகைய மிகைக்கூற்று தேவையும் இல்லை. இருநூறு ஆண்டுச் சான்று கையில் இருக்கிறது, அதுவே போதுமானது.

மாறாமல் இருந்ததன்று, மாறிக்கொண்டே இருந்ததே இக்கலை. 1869-இல் ரமல்லாவில் குவேக்கர் சபையார் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். இத்தகைய பள்ளிகள் வழியாக ஐரோப்பியத் தையல் முறைகளும் மாதிரிகளும் கிராமங்களுக்குள் நுழைந்தன. பிரான்ஸ் நாட்டு மூலூஸ் நகரின் டி.எம்.சி. நிறுவனம் தன் பருத்தி நூலோடு மாதிரிப் புத்தகங்களையும் உலகெங்கும் பரப்பியது. 1930-களில் சிரியாவின் பட்டிழைக்குப் பதிலாக அந்தப் பளபளப்பான பருத்தி நூலே கிராமப் பெண்களின் கைக்கு வந்துவிட்டது. நேர்கோட்டு உருவங்களுக்கிடையே ரோஜாக்களும், எதிரெதிரே அமர்ந்த பறவைகளும், பூச்சாடிகளும் முளைத்தன. முன்னர் மஞ்சிட்டி வேரிலிருந்தும் பூச்சிச் சாயத்திலிருந்தும் கிடைத்த சிவப்புகளை இரசாயனச் சாயங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விரட்டத் தொடங்கியிருந்தன. பலஸ்தீனப் பெண்கள் இப்புதுமைகளைத் தள்ளிவிடவில்லை. தங்கள் இலக்கணத்துக்குள் அடக்கிக்கொண்டார்கள். அயல்நாட்டு ரோஜாவாயினும் அது கப்பாவில் எங்கே அமர வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தனர்.

துணியைப் பற்றியும் ஒரு சொல். காஸாவுக்கு வடக்கே கடற்கரையை ஒட்டி மஜ்தல் என்னும் நெசவூர் இருந்தது. நூற்றுக்கணக்கான தறிகள் ஓடிய ஊர். தெற்குப் பலஸ்தீனத்தின் கிராமங்களுக்கு ஆடைத்துணி பெரும்பாலும் அங்கிருந்தே சென்றது. கருநீலத் துணியின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோட்டமைப்புக்கும் ஒரு பெயர். பச்சையும் சிவப்பும் இணைந்து ஓடும் ஒரு துணிக்கு 'ஜன்னா வ நார்', அதாவது 'சுவனமும் நரகமும்' என்று பெயரிட்டிருந்தார்கள். நெசவாளரின் கற்பனையை என்னென்பது!

1948 வந்தது.

'நக்பா' என்று அவர்கள் அழைக்கும் அப்பேரழிவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனியர் வீடிழந்து வெளியேறினர். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளற்றுப் போயின. யாஃபாவை அடுத்த பைத் தஜன் அவற்றுள் ஒன்று. ஆரஞ்சுத் தோட்டங்களால் செழித்திருந்த அவ்வூரின் மணப்பெண் ஆடைகள் அக்கரைச் சமவெளியிலேயே பகட்டானவை என்று பெயர் பெற்றவை. மக்கள் அம்மான், நாப்லுஸ், காஸா எனப் பல திசையில் சிதறினர். மஜ்தல் நெசவாளர்களுள் எஞ்சியிருந்தோரும் 1950-இல் காஸாவுக்கு அனுப்பப்பட்டனர். ஊர் அஷ்கெலோன் ஆயிற்று. தறிகளின் நகரம் இல்லாமற் போனதும், 'சுவனமும் நரகமும்' அந்த ஊர்த் தறியில் நெய்யப்படுவதும் நின்றுபோயிற்று. காஸா முகாம்களில் சில நெசவாளர் மட்டும் தறியை மீண்டும் நாட்டினர்.

ஓடும்போது பெண்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்? உடுத்திய ஆடையோடு ஓடியவர்களே மிகுதி. மணநாள் ஆடைகளை மூட்டையாகக் கட்டிச் சுமந்தவர்களும் உண்டு. முகாமின் கூடாரத்தில் பிள்ளைகள் பசித்திருக்கும்போது அம்மூட்டை அவிழ்ந்தது. பட்டுக் கப்பாக்கள் ரொட்டிக்கும் மருந்துக்கும் விலையாயின. பின்னாளில் உலகின் அருங்காட்சியகங்களும் தனியாரும் சேர்த்து வைத்துள்ள ஆடைகளில் பல இப்படிக் கைமாறியவை என்பதை நாம் மறத்தலாகாது. அதே காலத்துக்குரிய வேறு வகை ஆடைகளும் சேகரிப்புகளில் உள்ளன: நிவாரணமாக வந்த மாவு மூட்டையின் துணி ஒட்டுப் போடப்பட்டவை. பட்டும் மூட்டைத் துணியும் அருகருகே இருக்கும் அவ்வாடையை எந்த விளக்கமும் இன்றியே எவரும் புரிந்துகொள்ளலாம்.

இங்கேதான் தத்ரீஸின் வரலாறு திசை மாறுகிறது. முன்னர் ஓர் ஊர்ப் பெண் அடுத்த ஊர்ப் பெண்ணைச் சந்தையிலும் திருமணங்களிலும் மட்டுமே கண்டாள். முகாமிலோ கலீல் மலைப் பெண்ணும் யாஃபாக் கரைப் பெண்ணும் ஒரே குழாயடியில் நின்றார்கள். ஒருவர் உருவத்தை மற்றவர் படியெடுத்தனர். கைத்தறித் துணி கிடைக்காமல் ஆலைத்துணியும் செயற்கை இழைத் துணியும் வந்தன. அவற்றின் இழையை எண்ண முடியாது. எனவே சதுரக் கண்ணுடைய 'கான்வாஸ்' துணியை மேலே பரப்பி, அதை எண்ணித் தைத்து, முடிந்ததும் கான்வாஸ் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் முறை பரவியது. 1960-களில் 'ஆறு கிளை' ஆடை தோன்றியது. இடுப்பிலிருந்து விளிம்பு வரை ஆறு நெடுக்குப் பட்டைகள், நிறம் மங்கி மங்கிச் செல்லும் நூலில் பூக்கள். பழைய ஆடைகளைப் போற்றுவோர் இதனை வீழ்ச்சி என்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் இல்லாதபோது ஊரைச் சொல்லும் ஆடையை எப்படித் தைப்பது? அவர்கள் முதன்முதலாகத் தைத்தது நாட்டைச் சொல்லும் ஆடை. இழப்பு உண்மையே, நூறு ஊர்களின் நுண்ணிய வேறுபாடுகள் ஆறு பட்டைகளில் கரைந்தன. ஆனால் கரைத்தவர்கள் அப்பெண்கள் அல்லர்.

ஊசி பிழைப்பாகவும் மாறியது. ஐக்கிய நாடுகளின் நிவாரண அமைப்பு 1950-இல் காஸாவில் 'சுலாஃபா' என்னும் பூவேலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1965-இல் ரமல்லாவை ஒட்டிய அல்பீராவில் சமீஹா கலீல் என்னும் பெண்மணி 'இன்ஆஷுல் உஸ்ரா' சங்கத்தை நிறுவினார். குடும்பத்தை மீட்டெழுப்புதல் என்பது அப்பெயரின் பொருள். பெண்களுக்குத் தொழில் கற்பிப்பதும் வீட்டிலிருந்தே தைத்துச் சம்பாதிக்க வழி செய்வதும் அதன் முதன்மைப் பணிகள். இந்தச் சமீஹா கலீல்தான் 1996 ஜனவரியில் நடைபெற்ற அதிபர் தேர்தலில் யாசர் அரஃபாத்தை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர். லெபனான் முகாம்களில் 1969-இல் 'இன்ஆஷ்' என்னும் மற்றோர் அமைப்பு தொடங்கப்பெற்றது. இதன் நிறுவனர்களுள் ஒருவரான ஓவியர் யூகெத் காலந்த், விடுதலை பெற்ற லெபனானின் முதல் அதிபர் பஷாரா அல்கூரியின் மகள்.

இவ்வமைப்புகளால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிந்தது. தையலும் அழியாமல் நின்றது. ஆனால் தைப்பவள் அணிபவள் அல்லள் என்ற நிலையும் அப்போதுதான் முகாம்களில் வேரூன்றியது. தலையணை உறை, கைப்பை, சுவர்த்தொங்கல் ஆகியவற்றுக்கு மையத்தில் எவரோ வரைந்த மாதிரி வரும். நூலின் எண்ணும் அதிலேயே குறித்திருக்கும். முகாமில் வாழும் பெண் அதை நிரப்பித் தருவாள். எந்தச் சிவப்பு என்பதை அவள் முடிவு செய்வதில்லை. 1970-களிலிருந்து விடுதலை இயக்கத்தின் சுவரொட்டிகளிலும் ஓவியங்களிலும் தவ்பு அணிந்த பெண் தாய்நாட்டின் உருவமாகவே தீட்டப்பட்டாள். அழகிய ஓவியங்கள் பல அவற்றில் உண்டு. ஓவியத்துப் பெண் எப்போதும் இளமையோடு நிமிர்ந்து நிற்கிறாள். தைப்பவளுக்கோ முதுகு வளைகிறது, கண் மங்குகிறது. 2018-இல் பிர்சைத்திலுள்ள பலஸ்தீன அருங்காட்சியகம் தத்ரீஸுக்கென நடத்திய பெரிய கண்காட்சி, கலையின் அழகோடு அந்த உழைப்பையும் கேள்விக்கு எடுத்துக்கொண்டது வரவேற்கத்தக்கது.

1987 டிசம்பரில் முதல் இன்திஃபாழா வெடித்தபோது தத்ரீஸ் எவரும் எதிர்பாராத ஒரு வேலையை மேற்கொண்டது. 1967 முதல் இஸ்ரேலின் பிடியிலிருந்த பகுதிகளில் பலஸ்தீனக் கொடியை ஏற்றுவது தடை செய்யப்பட்டிருந்தது. அத்தடை 1993 வரை நீடித்தது. கொடியைக் கம்பத்திலிருந்து இறக்கலாம், சுவரிலிருந்து அழிக்கலாம். ஒரு பெண்ணின் உடலில் இருக்கும் ஆடையை என் செய்வது? பெண்கள் கொடியின் நான்கு நிறங்களையும் தவ்பில் தைத்தார்கள். கொடியையே தைத்தார்கள், நாட்டின் வரைபடத்தைத் தைத்தார்கள், குப்பத்துஸ் ஸக்ராவின் குவிமாடத்தைத் தைத்தார்கள், 'ஃபலஸ்தீன்' என்னும் சொல்லை அரபு எழுத்தில் குறுக்குத் தையலால் எழுதினார்கள். திராஸ் கூடங்கள் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆடையில் மீண்டும் ஒரு பெயர் எழுதப்பட்டது. இம்முறை அது அரசர் எவருடைய பெயரும் அன்று. இவ்வாடைகள் விற்பனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவரவர் தத்தமக்காகவே தைத்துக்கொண்டவை. தைத்தவளே அணிபவளாகிய பழைய முறை அச்சில ஆண்டுகளில் மீண்டும் உயிர்பெற்றது.

இதற்குள் சேகரிப்போரும் தோன்றியிருந்தனர். 1931-இல் பிறந்து பைத்லஹமில் வளர்ந்த விதாத் கவார் அம்மையார், முகாம் முகாமாகச் சென்று ஆடைகளையும் அவற்றோடு கதைகளையும் திரட்டினார். இவ்வாடை எந்த ஊரினது, யார் தைத்தது, எந்தத் திருமணத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டதே அவர் செய்த பெருந்தொண்டு. அவருடைய சேகரிப்பு 2015-இல் அம்மானில் 'திராஸ்' என்ற பெயரிலேயே ஒரு நிலையமாகத் திறக்கப்பட்டது. ஷீலா வெயரின் 'பலஸ்தீன உடை' என்னும் நூல் 1989-இல் வெளிவந்தது. அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரஷீதா தலீப், 2019 ஜனவரி 3-ஆம் நாள் பதவியேற்றபோது பூவேலைத் தவ்பு அணிந்து சென்றதையும், உலகெங்குமுள்ள பலஸ்தீனப் பெண்கள் தத்தம் தவ்புகளோடு படமெடுத்து வெளியிட்டதையும் செய்திகளில் கண்டோம். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ, பலஸ்தீனப் பூவேலைக் கலையை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் காகிதம்தான், 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் இடிந்த வீடுகளோடு புதைந்த ஆடைப் பெட்டிகளை அது காத்துவிடவில்லை. அகதிக் குடும்பங்கள் 1948-இலிருந்து போற்றி வைத்திருந்தவையும் அவற்றுள் அடங்கும்.

இந்நாளில் ஒரு பழைய ஆடை கைக்கு வந்தால் அதை அறிந்தோர் முதலில் செய்வது, அன்று மணவீட்டுப் பெண்கள் செய்த அதே செயல்தான்: புரட்டிப் பின்புறத்தைப் பார்ப்பது. முன்புறத்தில் வெயிலில் வெளுத்த சிவப்பு பின்புறத்தில் அன்றைய நிறத்தோடு இருக்கும். கப்பாவின் ஓரத்தில் இரண்டு வரிசைத் துளைகள் தெரிந்தால் அது முன்பு வேறோர் ஆடையில் இருந்தது என்பது பொருள். நடுப்பகுதி பட்டிழையாகவும் விளிம்பு டி.எம்.சி. பருத்தி நூலாகவும் இருந்தால் தாய் தொடங்கியதை மகள் முடித்திருக்கலாம். அல்லது ஒருத்தியே சில ஆண்டுகள் நிறுத்திவைத்துப் பின்னர் தொடர்ந்திருக்கலாம். அருங்காட்சியகச் சீட்டில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இருக்கும். காலம் ஏறத்தாழக் குறித்திருக்கும். தைத்தவள் பெயருக்குரிய இடம் பெரும்பாலானவற்றில் வெறுமையாக இருக்கிறது. கவார் அம்மையாரைப் போன்றோர் கேட்டு எழுதியவற்றில் மட்டும் அங்கே ஒரு பெயரும், அவள் இன்னாருடைய மகள் என்பதும் காணப்படுகின்றன.